கத்தீட்டருக்குப் பாதுகாப்பான பாதையை கம்ப்யூட்டர் போட்டுக்கொடுக்க முடியாதா?

கேள்வி: சி.டி. ஸ்கேனில் நோயாளியின் ரத்தக் குழாய்கள் முப்பரிமாணத்தில் தெளிவாகத் தெரிகின்றன. ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கத்தீட்டரிலும் நுனியை வளைத்துத் திருப்பக்கூடியவை வந்துவிட்டன. அப்படியிருக்க, கூகுள் மேப்ஸ் மாதிரி தொடையிலிருந்து மூளை வரை பாதுகாப்பான பாதையை கம்ப்யூட்டரே போட்டுக்கொடுக்க என்ன தடை? நான் ரோபாட்டிக்ஸ் மாணவன். இதையே புராஜெக்டாக எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

தாராளமாக எடுக்கலாம். ஆனால் பாதை என்று நீங்கள் எதை நினைத்திருக்கிறீர்களோ அதை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சாலையில் ஓர் ஊருக்குப் போகப் பத்து வழி இருக்கும்; நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் மேப்பின் வேலை. தமனிகள் இதயத்திலிருந்து கிளம்பிக் கிளை கிளையாகப் பிரிந்துகொண்டே போகிற மர அமைப்பு. மரத்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்தால் நடுவே வழி ஒன்றே ஒன்றுதான். மூளைக்கு அடியில் தமனிகள் வட்டமாக இணையும் வில்லிஸ் வளையம், இதயத்தில் நாள்பட்ட அடைப்பைச் சுற்றி வளரும் பக்கக் கிளைகள் என்று சில விதிவிலக்குகள் உண்டு. அந்த வழியாகச் சுற்றிப் போவது வேறு வழியே இல்லாதபோது செய்வது. எனவே குறைந்த செலவுள்ள வழியைக் கண்டுபிடிக்க 1959இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட அல்காரிதத்தை ஓட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். அந்த விடையால் கேத் லேபில் (கத்தீட்டர் சிகிச்சை அறையில்) நிற்கும் டாக்டருக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை. எந்தக் கிளையில் திரும்ப வேண்டும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அப்புறம் எதைத்தான் திட்டமிடுவது? உடலுக்குள் எங்கே நுழைவது, எந்தக் கருவியை எதற்குப் பின் செலுத்துவது, ஒவ்வொரு வளைவிலும் கத்தீட்டரின் உடல் குழாய்ச் சுவரில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்திக்கொண்டு கிடக்கும், எங்கே நிறுத்திப் படம் பார்ப்பது. பாதுகாப்பு முழுவதும் இந்த நான்கில்தான் இருக்கிறது. நான் இந்தத் துறையில் மென்பொருள் பக்கத்து ஆள், டாக்டர் இல்லை. அந்தக் கோணத்திலிருந்தே சொல்கிறேன்.

ஒரு நிஜப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்தவரின் மூளைத் தமனியில் சிக்கியிருக்கும் ரத்தக்கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை. 2015இல் அடுத்தடுத்து வெளியான ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகு, பெரிய தமனி அடைபட்டவர்களுக்கு இதுவே முதன்மைச் சிகிச்சையாகிவிட்டது. அப்படி அடைபட்ட மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் அழிகின்றன என்பது 2006இல் வந்த பிரபலமான கணக்கு. அதனால் இங்கே தாமதமும் ஓர் ஆபத்து. எவ்வளவு மென்மையான வழியாக இருந்தாலும் அரை மணி நேரம் கூடுதலாகும் என்றால் அதைப் பாதுகாப்பான வழி என்று சொல்ல முடியாது.

தொடை இடுக்கில் குத்தி நுழைகிறோம். அங்கே தமனியின் விட்டம் ஏறக்குறைய 8 மி.மீ. இடுப்பு வழியாக ஏறி, இரண்டு செ.மீ.க்கும் மேல் அகலமான பெருந்தமனிக்குள் வந்து, நெஞ்சுக்கூட்டில் அதன் வில் போன்ற வளைவை அடைகிறோம். வளைவின் மேல் விளிம்பிலிருந்து மூன்று கிளைகள் கிளம்புகின்றன. வலது கைக்கும் வலப்பக்கத் தலைக்கும் போகிற பொதுத் தண்டு ஒன்று, இடது கழுத்துத் தமனி, இடது கைத் தமனி. இளம் வயதில் மூன்றும் வளைவின் உச்சியிலேயே ஏறக்குறைய ஒரே மட்டத்தில் முளைத்திருக்கும். வயதும் ரத்த அழுத்தமும் ஏற ஏற, பெருந்தமனி நீண்டு வளைவு மேலெழுகிறது. கிளைகளின் வாய், முக்கியமாக அந்த வலது பொதுத் தண்டின் வாய், உச்சியைவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறது. இதை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம் வகையில் கிளையின் வாய், வளைவின் உள் விளிம்பையும் தாண்டிக் கீழே கிடக்கும்.

இப்போது தொடையிலிருந்து வரும் கத்தீட்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். மேலே ஏறி, வளைவைத் தாண்டிக் கீழே இறங்கி, மறுபடி கழுத்தை நோக்கி மேலே திரும்ப வேண்டும். நுனி எப்படியோ கிளைக்குள் நுழைந்துவிடும். பின்னால் தடிமனான அடுத்த குழாயைத் தள்ளும்போதுதான் சிக்கல். தள்ளுகிற விசை நுனிக்குப் போகாமல், தாங்க ஆளில்லாத அகலமான பெருந்தமனியில் கத்தீட்டரின் நடுப்பகுதி தொய்ந்து இதயத்தின் பக்கம் சரிகிறது. இங்கே தொடையில் பத்து செ.மீ. உள்ளே போகிறது, அங்கே நுனி ஒரு மி.மீ.கூட ஏறவில்லை. இன்னும் தள்ளினால், அவ்வளவு நேரம் பாடுபட்டு உள்ளே நிறுத்திய நுனியும் கழுத்திலிருந்து கழன்று வெளியே வந்து விழும். கேத் லேபில் நேரத்தைத் தின்கிற விஷயங்களில் இது முக்கியமானது.

மணிக்கட்டு வழியாகப் போனால்? வலது மணிக்கட்டிலிருந்து வந்தால் வலது பொதுத் தண்டுக்கு மேலிருந்தே வந்து சேர்கிறோம்; பெருந்தமனி வளைவின் அமைப்பு பெரிய பொருட்டே இல்லை. மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் வலது முதுகெலும்புத் தமனி போகிற வழியிலேயே இருக்கிறது. ஆனால் மணிக்கட்டுத் தமனி 2 முதல் 2.5 மி.மீ.தான். தொட்டால் சுருங்குகிற சுபாவம் வேறு. பெரிய குழாய்கள் அதில் போகா. இடது கழுத்துத் தமனிக்குப் போக வேண்டுமென்றால் கீழே இறங்கிக் கூர்மையாகத் திரும்பி ஏற வேண்டும். சிலருக்கு இடது கழுத்துத் தமனி அந்த வலது பொதுத் தண்டோடு சேர்ந்தே கிளம்பும். அவர்களுக்கு அதே வழி எளிதாகிவிடும். அரிதாகச் சிலருக்கு வலது கைத் தமனி வளைவின் கடைசியில் முளைத்து, உணவுக்குழாய்க்குப் பின்னால் வளைந்து வரும். அவர்களுக்கு வலது மணிக்கட்டில் குத்துவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஆக, பாதைத் தேர்வு என்று நியாயமாகச் சொல்லக்கூடியது தோலில் ஊசி குத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தொடையா மணிக்கட்டா, இடதா வலதா, எந்த வளைவு கொண்ட கத்தீட்டர். கம்ப்யூட்டர் இன்றைக்கே உதவக்கூடிய இடமும் இதுதான் என்பது என் கணிப்பு. வளைவின் வகை, கிளை கிளம்பும் கோணம், கழுத்துத் தமனியில் முறுக்கு இருக்கிறதா என்பதெல்லாம் ஸ்கேனிலிருந்து நிமிடங்களில் அளந்துவிடக்கூடியவை. கவர்ச்சியில்லாத வேலை என்பதால்தானோ என்னவோ, மாணவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

வரைபடம் தயாரிப்பதைப் பற்றிச் சுருக்கமாக. சி.டி. ஆஞ்சியோவில் டை (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) கலந்த ரத்தம் பளிச்சென்று தெரியும். நீளமான, குழாய் வடிவப் பொருளை மட்டும் தேடிப் பிடிக்க 1998இல் ஃபிராங்கி குழுவினர் தந்த வடிகட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் நரம்பியல் வலைப்பின்னல்கள் எனப்படும் கற்றுக்கொள்ளும் நிரல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. பிரித்தெடுத்த குழாய்க்குள் பொருந்தக்கூடிய மிகப்பெரிய கோளங்களின் மையங்களைக் கோத்தால் மைய அச்சு கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஆரமும் கூடவே வந்துவிடும். வி.எம்.டி.கே. என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். மூன்று இடங்களில் ஏமாறலாம். மண்டையோட்டின் அடியில் தமனி எலும்புக்குள்ளேயே நுழைந்து போகிறது. எலும்பும் வெள்ளை, டையும் வெள்ளை. சுவரில் படிந்த கால்சியம் தன் நிஜ அளவைவிட ஸ்கேனில் பெரிதாக மலர்ந்து தெரிவதால், குழாய் உண்மையைவிட ஒடுங்கியதாகக் கணக்கில் வரும். மூன்றாவது சங்கடம் பெரியது: ரத்தக்கட்டிக்கு அப்பால் டை சரியாகப் போகாது. எங்கே வரைபடம் அதிகமாகத் தேவையோ, அங்கே வரைபடமே இருக்காது. கட்டியைத் தாண்டி மெல்லிய கம்பியைச் செலுத்தும் அந்த ஒன்றிரண்டு செ.மீ. தூரம், அனுபவத்தை நம்பிப் போகிற தூரம்.

இனி வருவதுதான் மாணவர்கள் கவனிக்காமல் விடுவது. மைய அச்சில் கத்தீட்டர் போவதில்லை. போகவும் முடியாது.

கணக்கு போட்டே பார்க்கலாம். மூளைக்குப் போகும் உட்கழுத்துத் தமனியின் விட்டம் 4.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போவது 6 பிரெஞ்ச் கத்தீட்டர். மூன்று பிரெஞ்ச் ஒரு மி.மீ.; ஆகவே 2 மி.மீ. தடிமன். நடுவில் அப்படியே மிதந்தாலும் இரண்டு பக்கமும் 1.25 மி.மீ. இடைவெளிதான். பழைய சி.டி.யை நேரடி எக்ஸ்ரேயோடு பொருத்துவதில் ஒரு மி.மீ. பிழை வருவது சாதாரணம். நாடித்துடிப்பில் குழாய் அசைவது தனி. இடைவெளி என்று நீங்கள் கணக்கிட்டது காணாமலே போய்விட்டது. எனவே சுவரில் மோதாமல் போவது என்ற ரோபாட்டிக்ஸ் இலக்கணம் இங்கே செல்லாது. சுவரில் உரசித்தான் போக வேண்டும். சுவர்தான் கத்தீட்டருக்குப் பிடிமானமே. எங்கே உரசலாம், எவ்வளவு அழுத்தலாம் என்பதுதான் கேள்வி.

கத்தீட்டர் ஒரு மீள்தன்மையுள்ள தண்டு. குழாய்க்குள் தனக்கு எந்த வடிவத்தில் வளைவுச் சக்தி குறைவோ அந்த வடிவத்தில் படுத்துக்கொள்ளும். தள்ளும்போது வளைவின் வெளிச்சுவரில் போய் ஒட்டும். இழுக்கும்போது உள்சுவருக்கு மாறும். உள்ளே போகும் கோடும் வெளியே வரும் கோடும் வேறு வேறு என்பதைக் கணக்கில் எடுக்காத திட்டம் பாதித் திட்டம்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கொழுப்புப் படிவுகள் பெரும்பாலும் ரத்த ஓட்டத்தின் உரசல் குறைவாக இருக்கும் இடங்களில், அதாவது வளைவுகளின் உட்பக்கத்தில், சேர்கின்றன. அதனால் உள்ளே போகும்போது தொடாத படிவை வெளியே உருவும்போது சுரண்டிவிடலாம். உதிர்ந்த துணுக்கு ரத்தத்தோடு மூளைக்குப் போகும்.

உரசல் விசை வளைவுகளில் எப்படிப் பெருகுகிறது என்பதற்கு ஒரு தோராயமான சூத்திரம் போதும். அடியில் கொடுக்கும் விசைக்கும் நுனியில் கிடைக்கும் விசைக்கும் உள்ள விகிதம், உராய்வுக் கெழுவையும் மொத்தத் திருப்பக் கோணத்தையும் பெருக்கி வரும் எண்ணின் அடுக்குக்குறியாக ஏறும். உராய்வுக் கெழு 0.1, வழியிலுள்ள எல்லா வளைவுகளையும் கூட்டினால் 360 பாகை என்றால் விகிதம் ஏறக்குறைய 1.9. அதே வழுவழுப்பில் 720 பாகை என்றால் 3.5. கத்தீட்டரின் வழுவழுப்பான பூச்சு தேய்ந்து கெழு 0.2 ஆகிவிட்டால் அதே 720 பாகைக்கு 12. நுனியில் ஒரு பங்கு விசை வேண்டுமானால் தொடையில் பன்னிரண்டு பங்கு தள்ள வேண்டும். மீதிப் பதினொரு பங்கு வழியெங்கும் சுவர்களில் போய் உட்காருகிறது. இந்தச் சூத்திரத்தில் நீளமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாதையின் விலையை மி.மீ.யில் அளப்பதைவிடத் திருப்பக் கோணத்தில் அளப்பது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

தொய்ந்துபோவதற்கும் கணக்கு உண்டு. சுவரின் ஆதரவு இல்லாமல் தொங்கும் நீளம் இரண்டு மடங்கானால், வளைந்து சரியாமல் தாங்கக்கூடிய விசை கால்பங்காகிறது. தடிமன் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிறது. அதனால்தான் ஒற்றைக் குழாயாகப் போகாமல் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகிறார்கள். வெளியே விறைப்பான வழிகாட்டிக் குழாய், அதற்குள் வளைந்துகொடுக்கும் இடைக் குழாய், அதற்குள் மைக்ரோகத்தீட்டர், அதற்கும் உள்ளே 0.014 அங்குலக் கம்பி, அதாவது 0.36 மி.மீ. கம்பி முன்னே போகும். குழாய் அதன் மேல் ஏறி வரும். பிறகு கம்பி மறுபடி முன்னே போகும். எதை எங்கே நிறுத்திவிட்டு எதை நகர்த்துவது என்ற இந்த வரிசைதான் திட்டத்தின் உயிர். ரோபாட்டிக்ஸ் மொழியில் சொன்னால், நான்கு கருவிகளின் நிலையும் சுழற்சியும் சேர்ந்து எட்டு மாறிகள். குழாயின் மையக் கோட்டில் நகரும் ஒரு புள்ளியாக இதைச் சுருக்கினால் சுவாரசியமான எல்லாமே கழன்றுவிடும்.

ஓர் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். உட்கழுத்துத் தமனி மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் எஸ் மாதிரி நெளிகிறது. அந்த நெளிவு முடிகிற இடத்தில் கண்ணுக்குப் போகும் சிறு தமனி கிளம்புகிறது. கட்டியை உறிஞ்சி எடுக்கும் குழாயின் உள்விட்டம் 0.071 அங்குலம், 1.8 மி.மீ. இருக்கட்டும். அது ஏறி வருகிற மைக்ரோகத்தீட்டரோ ஒரு மி.மீ.கூட இல்லை. வளைவில் மெல்லிய குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ள, பெரிய குழாயின் வாய் மறுபக்கம் திறந்த உதடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த உதடு நேரே போய்க் கண் தமனியின் வாயில் மாட்டிக்கொள்கிறது. எக்ஸ்ரே திரையில் பார்த்தால் குழாய் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பிடிவாதமாக நிற்பது மட்டும்தான் தெரியும். தள்ளுகிற விசை பின்னால் வளைவுகளில் சுருண்டு சேமிக்கப்படுகிறது. திடீரென்று உதடு விடுபட்டால் சேர்ந்திருந்த அத்தனையும் ஒரே தாவலாக வெளிப்படும். முன்னால் இருப்பது 2.5 முதல் 3 மி.மீ. விட்டமுள்ள நடுப் பெருமூளைத் தமனி. அதிலிருந்து மூளையின் ஆழத்துக்குப் போகிற தலைமுடி போன்ற கிளைகளில் ஒன்று கிழிந்தாலும் மூளைக்குள் ரத்தம் கசியும்.

அனுபவசாலிகள் இதற்கு என்ன செய்கிறார்கள்? மேலும் தள்ளுவதில்லை. சற்றுப் பின்னால் இழுத்துத் தொய்வை எடுக்கிறார்கள். இடைவெளியை நிரப்பும்படி உள்ளே தடித்த குழாயையோ, நுனி கூம்பிய குழாயையோ வைத்து உதட்டை மறைக்கிறார்கள். அல்லது கட்டிக்குள் ஸ்டென்ட் வலையை விரித்து அதையே நங்கூரமாக்கி, மெதுவாக இழுத்துப் பிடித்தபடி குழாயை ஏற்றுகிறார்கள். இந்த அறிவு எந்த மைய அச்சிலும் இல்லை. ஆனால் இரண்டு விட்டங்களின் வித்தியாசம், வளைவின் ஆரம், கிளை வாயின் அகலம், திசை ஆகியவற்றைக் கொடுத்தால் இந்த இடத்தில் மாட்டும் என்று முன்கூட்டியே எச்சரிக்க ஒரு நிரலால் முடியும்.

விலைச் சார்பு, அதாவது ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு செலவு என்று மதிப்பிடும் சூத்திரம் பற்றி. எல்லோரும் செய்வது: நீளம், வளைவு, சுவரிலிருந்து தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டுவது. இதன் ஓட்டையை ஓர் உதாரணம் காட்டும். நல்ல பகுதியில் மி.மீ.க்கு 1 ரூபாய், உதிரக்கூடிய படிவு உள்ள பகுதியில் 10 ரூபாய் என்று வைக்கிறீர்கள். ஒரு வழி 200 மி.மீ. கூடுதல் நீளம், ஆனால் சுத்தம். கூடுதல் செலவு 200. இன்னொரு வழியில் 6 மி.மீ. நீளத்துக்குப் படிவு, கூடுதல் செலவு 54. நிரல் படிவின் மேல் போகச் சொல்லும். 10க்குப் பதில் 50 போட்டால் 294 ஆகி விடை தலைகீழாகும். ஆக, நோயாளியின் தலையெழுத்தை நிர்ணயிப்பது நீங்கள் ஏதோ ஒரு மதியம் உட்கார்ந்து போட்ட அந்த எண். படிவின் ஆபத்து நீளத்தோடு கூடிக்கொண்டு போகிற ஆபத்தும் இல்லை. ஒரே ஓர் இடத்தில் ஒரு தடவை உதிர்ந்தால் போதும். அதனால் கூட்டலைவிட, வழியில் வரும் மிக மோசமான புள்ளியை எது குறைக்கிறது என்று தேடுவது மேல். டைக்ஸ்ட்ராவில் கூட்டல் இருக்கும் இடத்தில் பெரியதை எடு என்று மாற்றினால் அது வந்துவிடும். தாண்டவே கூடாத எல்லைகளை முதலில் வைத்து, அதில் தேறியவற்றுக்குள் மட்டும் நேரம், டையின் அளவு, கதிர்வீச்சு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். டை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. நிறுத்தி நிறுத்திப் படமெடுக்கச் சொல்லும் திட்டத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் வரைபடம் அசையும். மூச்சு விட்டால் அசையும், இதயத் தமனி என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் அசையும். இதைவிடக் குறும்பான விஷயம், கருவியே வரைபடத்தை மாற்றுவது. பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் வைக்கும்போது விறைப்பான கம்பி உள்ளே போனதும், நெளிந்து கிடந்த இடுப்புத் தமனி நிமிர்ந்து நீண்டு நிற்கும். சிகிச்சைக்கு முன் எடுத்த சி.டி.யைத் திரையில் மேலே போட்டுப் பார்த்தால் கிளைகளின் வாய்கள் இடம் மாறியிருக்கும். இதயத் தமனியில் நெளிவை நிமிர்த்தினால் சுவர் மடிந்து, இல்லாத அடைப்பு இருப்பது போலத் தெரியும். கம்பியை எடுத்ததும் மறைந்துவிடும். சீனியர்களுக்கு இது பழக்கமான காட்சி. உங்கள் நிரலுக்கு இது புது அடைப்பு. குழாயையும் கத்தீட்டரையும் ஒன்றையொன்று வளைக்கும் இரு பொருட்களாகச் சேர்த்துத் தீர்க்கிற மாதிரி இருந்தால்தான் இது பிடிபடும். ஃபிரான்ஸில் உருவான சோஃபா என்ற இலவசச் சிமுலேஷன் மென்பொருளில் இதைச் செய்து பார்க்கலாம்.

நுனி திருப்பும் கத்தீட்டர்கள் வந்துவிட்டனவே என்று கேட்டிருந்தீர்கள். அதிகம் புழங்குவது இதயத் துடிப்புக் கோளாறுக்கான சிகிச்சையில். சுவருக்குள் ஓடும் இழுகம்பியைக் கைப்பிடியிலிருந்து இழுத்தால் நுனி வளையும். இடது மேலறை திறந்த வெளி என்பதால் அங்கே மட்டும் நிஜமாகவே பாதைத் தேர்வு உண்டு. நுனியில் விசை உணரியும் இருக்கிறது. துடிப்பைக் குழப்பும் திசுவுக்குச் சூடுவைக்கும்போது 10 முதல் 20 கிராம் அழுத்தம் இலக்கு. குறைந்தால் சூடு சரியாகப் பதியாது, மிகவும் கூடினால் சுவர் துளைபடும். அறையின் பின்சுவரை ஒட்டி உணவுக்குழாய் போகிறது என்பது இன்னொரு எல்லை.

மூளைத் தமனிகளுக்குப் போகும் மெல்லிய குழாய்களில் இழுகம்பி வைக்க இடம் மிகக் குறைவு. அதனால் காந்தம். ஸ்டீரியோடாக்சிஸ் நிறுவனத்தின் நியோபி கருவியில் மேசையின் இரு பக்கமும் பெரிய நிலைக்காந்தங்கள் நின்று 0.08 டெஸ்லா புலத்தைத் திருப்பித் திருப்பி நுனியைத் திசை திருப்பும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் சிறிய புலம்தான், நுனிக்கு அது போதும். 2019இல் எம்.ஐ.டி.யில் சுவான்ஹே ஜாவோ குழுவினர், நிட்டினால் என்ற உலோகக் கலவைக் கம்பியின் மேல் காந்தத் துகள் கலந்த பாலிமரும் அதன் மேல் நீர் பிடிக்கும் வழுவழுப்பான ஜெல் பூச்சும் போட்டு, அரை மி.மீ. அளவிலான இழையைச் சிலிகான் மூளைத் தமனி மாதிரிக்குள் நடத்திக் காட்டினார்கள். எனக்குப் பிடித்த வேலை அது. ஆனாலும் காந்தம் நுனியைத்தான் திருப்புகிறது. பின்னால் வரும் உடல் சுவரில் சாய்ந்துதான் வரும். கிளை வாயைப் பிடிப்பது எளிதாகிறது, மூன்றாம் வகை வளைவில் தொய்ந்து சரிவது அப்படியே இருக்கிறது.

ரோபோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்பாத் என்ற ரோபோவுக்கு 2012இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல், காந்திநகர் அக்‌ஷர்தாம் வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு, சுமார் 32 கி.மீ. தள்ளி அகமதாபாத்தில் படுத்திருந்த நோயாளிகளுக்கு அதைக் கொண்டு இதய ஸ்டென்ட் வைத்தார். அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த கொரிண்டஸ் நிறுவனத்தை சீமென்ஸ் ஹெல்தினீர்ஸ் சுமார் 110 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் இதய சிகிச்சைப் பக்கத்தை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. டாக்டரைக் கதிர்வீச்சிலிருந்து தள்ளி உட்கார வைத்ததும், கம்பியைத் துல்லியமாக நகர்த்தியதும் நிஜமான லாபம். பாதையை யோசித்தது அப்போதும் டாக்டர்தான். கையில் உணரும் அந்த லேசான தடை ஜாய்ஸ்டிக் வழியாக வராது என்ற புகார் இன்றும் இருக்கிறது. தானே கற்றுக்கொள்ளும் மாதிரிகளை இப்போது பலரும் முயல்கிறார்கள். சிமுலேஷனில் பழகிய மாதிரி, பழகாத ஒரு வளைவில் என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் கேட்டால் பதில் இல்லை. இலக்கை அடைந்ததற்கு மட்டும் மதிப்பெண் கொடுத்துப் பழக்கினால், சுவரை உரசித் தேய்த்துக்கொண்டாவது போய்ச் சேரும்.

சரி, உங்கள் புராஜெக்ட். மூளை வரை போக வேண்டாம்; பெருந்தமனி வளைவிலிருந்து கழுத்து வரை மட்டும் எடுங்கள். பொதுவில் கிடைக்கும் பெயரற்ற சி.டி. தரவுகளிலிருந்து மூன்று வகை வளைவுக்கும் சில மாதிரிகளைப் பிரித்தெடுங்கள். கத்தீட்டரை மீள்தண்டாக வைத்து, தொடை வழி, மணிக்கட்டு வழி இரண்டிலும் தள்ளிப் பாருங்கள். நுனி எவ்வளவு ஏறியதும் உடல் தொய்ந்து சரியத் தொடங்குகிறது என்பதையும், வழியில் சுவரில் விழுந்த உச்ச விசையையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி விசை வேண்டாம். வளைவைக் கணக்கிட இரண்டாம் வகைக்கெழு எடுக்கும்போது ஸ்கேனின் இரைச்சல் பூதாகாரமாகும், மைய அச்சை இழைத்து வழவழப்பாக்க வேண்டியிருக்கும். அளவுக்கு மீறி இழைத்தால் நிஜமான மடிப்பும் மறைந்துவிடும், இரண்டு மூன்று அளவுகளில் செய்து ஒப்பிடுங்கள். வாய்ப்பிருந்தால் ஒரு மாதிரியையாவது சிலிகானில் வார்த்து, உள்ளே நீரும் கொஞ்சம் சோப்பும் ஊற்றி, நிஜக் கத்தீட்டரைத் தள்ளி, அடியில் ஒரு விசை உணரியை வையுங்கள். காலாவதியான கத்தீட்டர்கள் கிடைக்குமா என்று கேத் லேப்களில் கேட்டுப் பாருங்கள். சிமுலேஷனும் சிலிகானும் எந்த வளைவில் ஒத்துப்போகவில்லையோ, உங்கள் அறிக்கையில் அந்த வளைவுக்கு அதிகப் பக்கங்கள் ஒதுக்குங்கள்.